பாலையில் ஓர் ஓடுதளம்

லண்டனில் இப்போது மாலை ஐந்து மணி. தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரவு பத்தரை ஆகியிருக்கும். தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் வரலாற்று ஆய்வாளர் இல்லை. செவிலியர் பட்டயம் முடித்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வார்டில் வேலை செய்கிறவள். நோயாளி எந்த வழியாக வந்தார், வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டுப் பழகியவள். அந்தக் கேள்வியோடு ஒரு சிறிய விமான நிலையத்தின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். ராஜஸ்தானில், தார் பாலைவனத்தில் இருக்கிற ஜெய்சால்மர் விமான நிலையம்.

2023 டிசம்பரில் குடும்பத்தோடு அங்கே போனோம். விமானம் இறங்குவதற்குச் சற்று முன்பு, இது பாதுகாப்புத் துறையின் தளம், யாரும் படம் எடுக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். அதுவரை ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த கைப்பேசிகள் எல்லாம் மடிக்குப் போய்விட்டன. முனையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒட்டகச் சவாரி, கூடாரம், மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம் என்று பேச்சு மாறிவிட்டது. எனக்கு மட்டும் அந்த அறிவிப்பு மனதில் நின்றுவிட்டது. நாம் வந்து இறங்கியது யாருடைய ஓடுதளம்? அது யாருக்காகப் போடப்பட்டது?

என் ஊர் நாசரேத்துக்குப் பக்கத்தில். தேரிக்காட்டுச் செம்மணல் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால் புதையும், வண்டிச் சக்கரமும் புதையும். என் பெரியம்மா ஒருத்தி, நான் பிறப்பதற்கு முன்பே, பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் போகும்போது வழியிலேயே இறந்துபோனாள். ஆஸ்பத்திரி பத்து மைல்கூட இருக்காது. 'மணல்தான் அவளை விழுங்கிட்டு' என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தொலைவு என்பது மைல்கணக்கு அல்ல என்று அப்போதே படிந்துவிட்டது.

பாலைக்கென்று தனியாக நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்வது நம் எல்லோருக்கும் தெரியும். ஜெய்சால்மரின் வரலாற்றை வாசித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. இன்று நாம் 'தொலைதூரப் பாலைவன நகரம்' என்கிற அந்த ஊர், தோன்றியபோது தொலைவில் இல்லை. 1156இல் ராவல் ஜெய்சால் கோட்டை கட்டிய இடம், சிந்துவுக்கும் முல்தானுக்கும் போகிற வணிகப் பாதையின் மேல் இருந்தது. ஒட்டகச் சாத்துகள் அபினும் பட்டும் உலர்பழமும் ஏற்றிக்கொண்டு அதன் வழியாகப் போயின. அவற்றிடம் வாங்கிய சுங்கத்தில் அரசு நடந்தது. பட்வா குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மாளிகைகளைப் பார்த்தால், எவ்வளவு பணம் அந்த மணலில் புழங்கியிருக்கிறது என்று புரியும்.

முதல் அடி கடலிலிருந்து வந்தது. பம்பாய் துறைமுகமும் ரயிலும் வளர வளர, சரக்கு ஒட்டகத்தை விட்டு இறங்கிவிட்டது. இரண்டாவது அடி 1947. மேற்கே போகிற பாதையின் குறுக்கே எல்லைக்கோடு விழுந்தது. ஒரு சந்திப்பாக இருந்த ஊர் முட்டுச்சந்தாகிவிட்டது. பாலை அங்கே முன்பும் இருந்தது. தொலைவைத்தான் மனிதர்கள் செய்தார்கள்.

விமானமும் முதலில் ஜெய்சால்மரைத் தாண்டித்தான் போயிற்று. அந்தக் கதை நான் குடியிருக்கிற குரோய்டனிலிருந்து தொடங்குகிறது. இங்கே பர்லி வே சாலையில் பழைய விமான நிலையக் கட்டிடம் இன்னும் நிற்கிறது. 1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸின் முதல் இந்தியச் சேவை அங்கிருந்துதான் கிளம்பியது. பாசெல் வரை விமானம், அங்கிருந்து ஜெனோவாவுக்கு ரயில், பிறகு கடல்விமானம், மறுபடி தரைவிமானம் என்று மாறி மாறிக் கராச்சி போய்ச்சேர ஏழு நாள். அந்த ஆண்டின் இறுதியில் சேவை ஜோத்பூர் வழியாக டில்லி வரை நீண்டது. ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் தானே விமானம் ஓட்டத் தெரிந்தவர், அவருடைய நகரம் உலக வான்வரைபடத்தில் ஏறிவிட்டது. 1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், பெல்லாரி வழியாக நம் சென்னைக்கே வந்துவிட்டது. அதே மாதம் ஷார்ஜா பாலைவனத்தில், பயணிகள் இரவு தங்குவதற்குக் கோட்டை போல ஒரு விடுதியோடு விமானத்தளம் தொடங்கியது. இன்று அந்த ஓடுதளம் ஷார்ஜாவின் ஒரு நகரச் சாலை, விடுதி அருங்காட்சியகம். பேரரசின் தபாலுக்கு ஷார்ஜாவும் ஜோத்பூரும் தேவைப்பட்டன. ஜெய்சால்மர் தேவைப்படவில்லை.

அதைத் தேவையாக்கியது போர். 1965 போருக்குப் பிறகு சாலையும், அறுபதுகளின் இறுதியில் பொக்ரானிலிருந்து ரயிலும் வந்தன. 1971 டிசம்பர் 4 இரவு, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் லோங்கேவாலா எல்லைச்சாவடியை நோக்கிப் பாகிஸ்தான் டாங்கிகள் வந்தன. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் அங்கே இருந்தவர்கள் சுமார் 120 பேர். ஜெய்சால்மர் தளத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஹண்டர் விமானங்கள் இருந்தன, ஆனால் அவற்றால் இரவில் தாக்க முடியாது. விடியும்வரை அந்த 120 பேர் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. 5ஆம் தேதி வெளிச்சம் வந்ததும் ஹண்டர்கள் கிளம்பின. ஒளிய மரம் இல்லாத மணலில் டாங்கிகள் வட்டம் சுற்றிய தடங்கள், அன்று வானிலிருந்து எடுத்த படங்களில் இன்றும் தெரிகின்றன. அந்த ஓடுதளம் இல்லையென்றால் அந்தச் சாவடியின் கதை வேறு. இதை நன்றியோடு சொல்கிறேன்.

அதே ஓடுதளத்துக்கு இன்னொரு சரக்கும் வந்தது. 1998 மே மாதத் தொடக்கத்தில், பொக்ரான் அணுசோதனைக்கான புளூட்டோனிய உருண்டைகள் மும்பையிலிருந்து ஏஎன்-32 விமானத்தில் ஜெய்சால்மருக்கு வந்து, லாரிகளில் பொக்ரான் போனதாகப் பின்னால் வெளிவந்த விவரங்கள் சொல்கின்றன. அந்தப் பணியின் தலைமையில் இருந்தவர்களில் இருவர் தமிழர். அப்துல் கலாம் 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்', ஆர். சிதம்பரம் 'மேஜர் ஜெனரல் நடராஜ்' என்று ராணுவ உடையில் நடமாடினார்கள். மே 11, 13 தேதிகளில் பூமி அதிர்ந்தது.

சுற்றுலா வந்தது வேறு வாசல் வழியாக. சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' 1974இல் வெளிவந்ததும் வங்காளிகள் பொற்கோட்டையைத் தேடி ரயிலேறினார்கள். பிறகு வெளிநாட்டார் வந்தார்கள். 2013இல் அந்தக் கோட்டை, ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதே காலத்தில்தான் பயணிகளுக்கான புதிய முனையமும் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் விமானம் வரவில்லை. சில ஆண்டுகள் அந்தக் கட்டிடம் ஆளில்லாமல் கிடந்தது. 2017இல் உடான் திட்டம் வந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. இன்றும் விமானங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். கோடையில் சுற்றுலாப் பயணி வருவதில்லை, அதனால் விமானமும் வருவதில்லை. ஊர்க்காரர்கள் பன்னிரண்டு மாதமும் அங்கேதான் இருக்கிறார்கள்.

2025 மே மாதம் அந்த ஓடுதளம் யாருடையது என்பது மறுபடி தெரிந்தது. இந்தியா பாகிஸ்தான் மோதலில் வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் பயணிகள் சேவைக்கு மூடப்பட்டன. ஜெய்சால்மரும் அதில் ஒன்று. ஊர் விளக்கணைத்து உட்கார்ந்திருந்தது. மே 12 அன்று மறுபடி திறந்தார்கள். முதல் உரிமை ராணுவத்துக்கு, மிச்சம் விருந்தாளிக்கு. இந்த வரிசையில் நோயாளி எங்கே இருக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கேள்வி அக்டோபரில் வந்தது. 2025 அக்டோபர் 14, தீபாவளிக்கு முந்தைய வாரம். ஜெய்சால்மரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய படுக்கை வசதிப் பேருந்து, ஊரைத் தாண்டிச் சற்று தூரத்தில் தையாத் கிராமத்தருகே தீப்பற்றியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படுகாயம் அடைந்தவர்கள் ஆம்புலன்ஸ்களில், போக்குவரத்தை ஒதுக்கிவிட்ட சாலையில் ஜோத்பூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 275 கிலோமீட்டர். ஒருவர் வழியிலேயே இறந்தார். நான் இரவுப்பணிக்குக் கிளம்பும்போது இந்தச் செய்தியைப் படித்தேன். அன்று முழுவதும் பெரியம்மாவின் மாட்டுவண்டி கண்ணுக்குள் ஓடியது.

தீக்காயத்தில் நேரம் என்றால் என்ன என்று சொல்கிறேன். தோல் வெந்தால் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். நாங்கள் பாடத்தில் படித்த கணக்கு இது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பில் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லிலிட்டர் திரவம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லிலிட்டர். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த எட்டு மணி, ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை, தீப்பட்ட நொடியில் தொடங்குகிறது. புகையை உள்ளிழுத்தவருக்குத் தொண்டை வீங்கி அடைத்துக்கொள்ளும், குழாய் போட்டுவிட்டுத்தான் பயணமே செய்ய வேண்டும். நான்கைந்து மணி நேரச் சாலைப்பயணம் அந்த எட்டில் பாதியைத் தின்றுவிடும்.

அன்று உழைத்தவர்களை நான் குறைசொல்லவில்லை. தீயருகே முதலில் ஓடியவர்களில் ஊர்க்காரர்களும் ராணுவத்தினரும் இருந்தார்கள். பக்கத்தில் ஓடுதளம் இருப்பதால் மட்டும் நோயாளியை வானில் கொண்டுபோய்விட முடியாது. படுக்கை பொருத்திய விமானம், சுவாசக்கருவி, பயின்ற மருத்துவர், செவிலியர், எந்த நேரமும் இறங்க அனுமதி எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு அதை உண்டாக்க முடியாது.

முன்கூட்டியே யோசித்த ஒருவரைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஜான் ஃபிளின் என்கிற போதகர், 1912 முதல் உள்நாட்டுப் பாலையில் செவிலியர்களைக் கொண்டு சிறு மருத்துவ இல்லங்களை நடத்தினார். அந்தப் பெண்கள் மருத்துவர் இல்லாத இடத்தில் தனியாக நின்றவர்கள். 1928 மே 17 அன்று குளோன்கரியிலிருந்து அவருடைய பறக்கும் மருத்துவர் சேவையின் முதல் விமானம் கிளம்பியது. விமானம் வந்தும் ஒரு குறை இருந்தது. நோயாளி இருக்கிறார் என்று யார் சொல்வது? ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலியைச் செய்து, 1929 முதல் அதைப் பண்ணைவீடுகளுக்குக் கொடுத்தார். மணலில் தனித்திருந்தவர்களுக்குக் குரல் வந்தது. 1939இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் எட்வர்ட் கானெல்லன் தபால் விமானம் ஓட்டத் தொடங்கினார், மருத்துவரையும் அதே விமானங்களில் ஏற்றிச்சென்றார். இன்று உலுரு பாறையைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்குகிற சிறிய விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். அங்கே நோயாளி முதலில் பறந்தார், சுற்றுலாப் பயணி பின்னால் வந்தார்.

நான் இருக்கிற லண்டன் பாலைவனம் இல்லை. தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி. ஆனாலும் இங்கே 1989 முதல் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பறக்கிறது, மக்கள் தருகிற நன்கொடையில். ஜெய்சால்மர் மாவட்டம் 38,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டில் கால்பங்குக்கும் அதிகம். 2011 கணக்கெடுப்பில் ஆறே முக்கால் லட்சத்தைத் தொடும் மக்கள். அவர்களில் அந்த விமானத்தில் ஏறியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஓடுதளம் இருக்கிறது, முனையம் இருக்கிறது. போருக்குப் போட்டதை விருந்தாளிக்குத் திறந்துவிட முடிந்தது. இனி நோயாளிக்கும் திறக்கலாம். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்த சமாரியன் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. காயத்தைக் கட்டினான், தான் ஏறிவந்த மிருகத்தில் அவனை ஏற்றிவிட்டான். அந்த மிருகம் சமாரியனின் பயணத்துக்காக வந்தது, காயம்பட்டவனுக்காக வந்ததல்ல.

அடுத்த குளிர்காலத்தில் உங்களில் யாராவது ஜெய்சால்மர் போனால், அந்த அறிவிப்பு வரும்போது கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஒருமுறை கீழே பாருங்கள். ஜோத்பூருக்குப் போகிற சாலை தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.