கிரிட் கணிமைக்கான எக்ஸ்எம்எல் சீர்தரங்கள்

கிரிட் கணிமைக்கான எக்ஸ்எம்எல் சீர்தரங்கள் என்பவை, பல நிறுவனங்களில் பரவியுள்ள கணினிகளிடம் பணிகளை ஒப்படைக்கவும், மென்பொருள்களை நிறுவவும், அவற்றை மேலாண்மை செய்யவும் உருவாக்கப்பட்ட விவரிப்பு மொழிகள் ஆகும். ஒரு பணிக்கு எவை தேவை, ஒரு தொகுதியின் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பவற்றை மனிதரும் கணினியும் படிக்கக்கூடிய உரைக்கோப்பாக எழுத இவை உதவுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை 2003 முதல் 2009 வரையான காலப்பகுதியில் தோன்றின.

தேவை

கிரிட்டில் இணையும் ஒவ்வொரு கணினிக் கொத்தும் தனக்கென ஓர் இயக்குதளத்தையும் பணிவரிசை மென்பொருளையும் கொண்டிருக்கலாம். ஒரு கொத்துக்காக எழுதிய கட்டளைக்கோப்பு மற்றொன்றில் இயங்காது.

எடுத்துக்காட்டாக, 2017 சனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் கசிந்தது. இத்தகைய நேரத்தில் எண்ணெய்ப் படலம் நகரும் திசையைச் சில மணி நேரத்திற்குள் கணிக்க வேண்டும். வழக்கமான கொத்தில் இடமில்லையெனில், கட்டளைக்கோப்பைத் திருத்தி எழுதாமல் அதே பணியை வேறு நகரிலுள்ள கொத்துக்கு அனுப்ப இயலுமா என்பதே இச்சீர்தரங்கள் தீர்க்க முயன்ற சிக்கலாகும்.

முதன்மைச் சீர்தரங்கள்

* ஜேஎஸ்டிஎல் (பணி ஒப்படைப்பு விவரிப்பு மொழி): உலக கிரிட் மன்றம் 2005 நவம்பரில் வெளியிட்டது. பணியின் அடையாளம், இயக்க வேண்டிய நிரல், தேவையான செயலிகளும் நினைவகமும், உள்ளே கொணரவும் வெளியே அனுப்பவும் வேண்டிய கோப்புகள் ஆகியவற்றை இது விவரிக்கிறது. பணிகளின் வரிசைமுறையும் கால அட்டவணையும் இதன் எல்லைக்குள் வாரா.
* சிடிடிஎல்எம்: மென்பொருளை அமைத்தல், நிறுவுதல், இயக்குதல், நிறுத்துதல் என முழு வாழ்க்கைச் சுழற்சியையும் கையாள்வது. எச்பி ஆய்வகத்தின் இசுமார்ட்ஃபிராக் மொழி இதற்கு அடிப்படைகளுள் ஒன்று.
* டிசிஎம்எல்: தரவு மையங்களை விவரிக்க 2003 இல் அறிவிக்கப்பட்டது.
* எசுஎம்எல் (சேவை மாதிரியாக்க மொழி): ஐபிஎம், மைக்ரோசாப்ட், சன் உள்ளிட்ட நிறுவனங்கள் 2006 இல் முன்மொழிந்தன. 2009 மே மாதம் உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதனைப் பரிந்துரையாக ஏற்றது. எக்ஸ்எம்எல் இசுகீமாவுடன் இசுகீமாட்ரான் விதிகளும் சேர்வதால், ஒரு மாதிரி சரியானதா என்பதை நிறுவுவதற்கு முன்பே சோதிக்கலாம்.

இந்தியாவில்

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கருடா தேசிய கிரிட், முதற்கட்டத்தில் சென்னை உட்பட 17 நகரங்களிலுள்ள 45 நிறுவனங்களை எர்நெட் வழியாக இணைத்தது. பின்னர் இது தேசிய அறிவு வலையமைப்பிற்கு மாறியது. இதில் குளோபஸ் கருவித்தொகுப்பும் கிரிட்வே பணி ஒதுக்கியும் பயன்பட்டன. குளோபஸின் நான்காம் பதிப்பு பணி விவரங்களை எக்ஸ்எம்எல் வடிவில் ஏற்றது. கிரிட்வே ஜேஎஸ்டிஎல் கோப்புகளையும் ஏற்கும். சென்னை குரோம்பேட்டையிலுள்ள அண்ணா பல்கலைக்கழக எம்ஐடி வளாகத்தில் கேர் எனும் வளத் தரகு மென்பொருள் உருவாக்கப்பட்டது.

பிற்கால நிலை

ஒரே வேலையை மட்டும் எடுத்துக்கொண்ட ஜேஎஸ்டிஎல், யூனிகோர் போன்ற மென்பொருள்களில் நடைமுறைக்கு வந்தது. அனைத்தையும் விவரிக்க முயன்ற டிசிஎம்எல், எசுஎம்எல் ஆகியவை பரவலான பயன்பாட்டைப் பெறவில்லை. குளோபஸின் ஐந்தாம் பதிப்பு எக்ஸ்எம்எல் அல்லாத பழைய பணி விவரிப்பு முறைக்கே திரும்பியது. அக்கருவித்தொகுப்புக்கான ஆதரவு 2018 இல் முடிவடைந்தது.

எனினும், தொகுதியை முதலில் மாதிரியாக எழுதி, அதிலிருந்து நிறுவும் கருத்து மேகக் கணிமையில் தொடர்ந்தது. ஓயாசிசு அமைப்பின் டோசுகா சீர்தரம் 2013 இல் எக்ஸ்எம்எல் வடிவில் வெளிவந்து, 2016 இல் யாம்எல் வடிவையும் பெற்றது.

இவற்றையும் பார்க்க

* கிரிட் கணிமை
* மேகக் கணிமை
* எக்ஸ்எம்எல்