தாய்ப்பால் மாற்று உணவுச் சட்டம், 1992

குழந்தைப் பால்மாவு, பால்புட்டி, இணை உணவு ஆகியவற்றின் விற்பனை உத்திகளைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம். 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பன்னாட்டு நெறியை ஒட்டி இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு விளம்பரங்களையும் தடை செய்தது.

நாகர்கோவில் மருந்துக்கடையில் ஒரு பால்மாவு டப்பாவைக் கையில் எடுத்தாலே சட்டம் தெரியும். குழந்தையின் படமோ தாயின் படமோ அதில் இருக்கக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் இருந்தாக வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை உட்பட எந்த மருத்துவமனைச் சுவரிலும் பால்மாவுச் சுவரொட்டி கூடாது. தாய்மாருக்குப் பரிசு, இலவச மாதிரி, விற்பனைக்கேற்ற கமிஷன், மருத்துவர் கருத்தரங்குக்கு நிதி ஆகியவையும் குற்றம்.

இவற்றில் மிகக் கொடியது இலவச மாதிரி. பிறந்த சில நாளிலேயே புட்டிக்குப் பழகும் குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்பாவிட்டால் பால் சுரப்பும் வற்றும். அதன்பின் டப்பாவைக் காசு கொடுத்து வாங்குவதைத் தவிர வழியில்லை.

விதிமீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெருநிறுவனங்களுக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல. பால்மாவு விற்பனைக்குத் தடையில்லை; தாய்ப்பால் கொடுக்க இயலாதோர் வாங்கலாம்.