பெர்மாவின் ஆறாம் எண்

ஓர் எண்ணின் வரலாறு ஆராய்ச்சி நெறியின் வரலாறாகவும் அமைதல் உண்டு. 4,29,49,67,297 என்னும் முழு எண் அத்தகையது. பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் பெர்மா பகா எண்ணாகக் கொண்ட இதனை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர் ஆயிலர் பகு எண் எனக் காட்டினார். அப்பிழை தோன்றியவாறும் நீங்கியவாறும் ஈண்டு ஆராய்வாம்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது பகா எண் எனப்படும். இரண்டின் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்று கூட்டின், முறையே 3, 5, 17, 257, 65,537 என்பன வரும். ஐந்தும் பகா எண்களே. அடுக்கினை இவ்வாறே இரட்டித்துச் செல்லின் வருவன யாவும் பகா எண்களாம் எனப் பெர்மா 1640இல் பிரெனிக்கலுக்கு எழுதினார். முற்ற நிறுவும் சான்று தம்மிடம் இல்லை என்பதனை அப்போது அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் 1659இல் கார்கவிக்கு விடுத்த மடலில், தாம் நிறுவியனவாகச் சுட்டும் முடிவுகளோடு இதனையும் சேர்த்துரைத்தார். கருத்தாக இருந்தது முடிவாக மாறிவிட்டது.

32ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டின் வருவதே நாம் எடுத்துக்கொண்ட எண். நேரே வகுத்துப் பார்க்கப் புகுவார், ஆறாயிரத்திற்கு மேற்பட்ட பகா எண்களால் வகுத்தல் வேண்டும். 1729இல் கோல்ட்பாக் இக்கூற்றினைப் பற்றி ஆயிலரிடம் வினவினார். ஆயிலர் 1732இல், இவ்வெண் 641ஆல் வகுபடும் எனவும், ஈவு 67,00,417 எனவும் வெளிப்படுத்தினார். பின்னர் அவர் நிறுவிய விதிப்படி, இதன் பகாக் காரணி எதுவும் 64இன் மடங்கினும் ஒன்று மிக்கதாதல் வேண்டும். அவ்வாறு வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்பன. ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடுகின்றது.

641 என்பது 5ஐ 128ஆல் பெருக்கி ஒன்று கூட்டிய தொகை. 5இன் நான்காம் அடுக்கும் 2இன் நான்காம் அடுக்கும் கூடிய தொகையும் அதுவே. இவ்விரு பண்பினையும் இணைப்பின், நெடிய வகுத்தலின்றியே 641 இதன் காரணி என்பது பெறப்படும்.

இத்தகைய நெறியினைப் பெர்மா அறியாதவர் அல்லர். இரண்டின் 37ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணிற்கு 223 காரணியாதலை, காரணிகளின் வடிவினை வரையறுத்து 1640இலேயே கண்டவர் அவர். கையிலிருந்த கருவியினைத் தம் சொந்தக் கருத்தின்மேல் முற்றச் செலுத்தினாரிலர் என்றே நாம் கருதுகின்றோம்.

இவ்வரிசையில் 65,537க்குப் பின்னர் வருவனவற்றுள் இதுகாறும் ஆராய்ந்து முடிவு கண்டவை யாவும் பகு எண்களே. ஆறாவதொரு பகா எண் இவ்வரிசையில் உண்டென்றோ இல்லையென்றோ எவரும் நிறுவவில்லை. பெர்மாவுக்குச் சான்றாக நின்ற ஐந்தும் விலக்காகவே முடியினும் முடியலாம்.

இலக்கண ஆராய்ச்சியாளர்க்கும் இதன்கண் பாடம் உண்டு. ஐந்து ஆட்சிகளைக் கண்டு ஒரு விதியினைக் கருதுதல் குற்றமாகாது. ஆறாவதனைத் தேடாதிருத்தலும், கருதியதனை நிறுவியதாக எழுதிவிடுதலும் குற்றமாம். முன்னதைக் காட்டிலும் பின்னது கொடிது. பின்வருவாரின் தேடலை அது தடுத்துவிடுகின்றது.