தண்ணீர் குடிக்கும்போது ஊற்றை நினை

சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு. தண்ணீர் குடிக்கும்போது அதன் ஊற்றை நினை என்பது பொருள். நான்கே எழுத்துக்களில் சொல்லி முடித்து விடுகிறார்கள். இதன் வேர் 6-ம் நூற்றாண்டுக் கவிஞர் யூ சின் எழுதிய பாடல் ஒன்றில் இருக்கிறது. லியாங் அரசின் தூதராக வடக்கே போனவர் அவர். போன இடத்தில் இருக்கும்போதே சொந்த நாட்டின் தலைநகர் வீழ்ந்தது. கடைசிவரை ஊர் திரும்ப முடியவில்லை. இன்று பெற்றோர், ஆசிரியர், முன்னோர் என யாருக்கு நன்றி சொல்லவும் சீனர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள்.

தமிழில் இதற்கு நெருக்கமானது "உப்பிட்டவரை உள்ளளவும் நினை". ஆனால் நேர் எதிராகவும் ஒன்று இருக்கிறதே! "நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது". இதில் எது சரி?

மதுரைப் பக்கத்து மக்கள் நதிமூலம் பார்த்துத்தான் ஆக வேண்டும். வைகையில் வரும் தண்ணீர் முழுவதும் வைகையுடையது அல்ல.

நாகமலை புதுக்கோட்டை வழியாக மேற்கே போகும் தேனி சாலை, தண்ணீர் வரும் திசையை நோக்கியே போகிறது. வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். மழை பொய்த்தால் அது வெறும் மணல். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றைத் திருப்பும் பழைய யோசனை வேகம் பிடித்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழுந்தது. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துப் போனது. கடைசியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கியது. 1895 அக்டோபர் 10-ல் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

இதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கை மக்கள் மறக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் வந்தது. சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதை ஊரெல்லாம் உண்டு. அதை வரலாறு என்பதைவிட நன்றியின் மிகை என்பதே பொருந்தும்.

ஆனால் ஊற்று அங்கேயே நின்றுவிடுமா? 1789-லேயே இந்த யோசனையைப் பார்த்தவர் ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. செலவு கட்டுப்படியாகாமல் கைவிடப்பட்டது. 1808-ல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் மறுபடி ஒரு திட்டம் போட்டார். பிறகு, மலேரியாக் காய்ச்சலிலும் காட்டிலும் மாண்ட கூலியாட்கள். இவர்களுக்கு யார் பொங்கல் வைக்கிறார்கள்? சீனப் பழமொழி ஊற்றை நினைக்கச் சொன்னது. நினைப்பவர்களோ எளிதில் நினைவில் நிற்கும் ஒரு பெயரோடு நிறுத்திக் கொள்கிறார்கள்.

நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்றொரு சுனை இருக்கிறது. அதன் மேல் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள். கீழே ஏறத்தாழ 1,100 ஆண்டு பழைய வட்டெழுத்து. ஒவ்வொரு உருவத்தையும் யார் செய்வித்தார் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் பெயரும் அவற்றில் ஒன்று. சிற்றுளி பிடித்தவர் பெயர் அங்கும் இல்லை.