மாதிரி விமான இன்ஜின்களின் சுருதிக் குழாய்: ஒரு வரலாறு

மாதிரி விமானங்களில் பயன்படும் சிறிய டூ ஸ்ட்ரோக் (இருவீச்சு) இன்ஜினில், புகை வெளியேறும் குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் இன்ஜினின் வேகத்துக்கு ஏற்ப அமைப்பது ஒரு தனிக்கலை. இப்படி அமைந்த குழாய்க்கு டியூன்டு பைப் என்று பெயர். இக்கட்டுரையில் அதைச் சுருதிக் குழாய் என்போம். பந்தய வேகத்துக்காகப் பிறந்த இக்குழாய், வான்சாகசப் பறத்தலில் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கருவியாக மாறியது.

எங்கள் கூட்டேரிப்பட்டில், நெடுஞ்சாலையிலிருந்து மயிலம் சாலை பிரியும் இடத்தில் நின்றால், இன்றும் எப்போதாவது ஓர் ஆர்.எக்ஸ். 100 பைக்கின் ஓசையைக் கேட்கலாம். சைலன்சரைக் கழற்றிவிட்டால் வண்டி இன்னும் வேகமாகப் போகும் என்று மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இது பொருந்தாது. காரணத்தைப் பார்ப்போம்.

குழாய் செய்யும் வேலை

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டர் சுவரிலுள்ள புகைத்துளையைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. புதிய எரிபொருள் கலவை உள்ளே வரும்போது அத்துளையும் திறந்தே இருப்பதால், கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போய்விடும்.

சுருதிக் குழாய் முதலில் மெல்ல விரிந்து, பிறகு குறுகும். துளை திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை விரியும் பகுதியை அடையும்போது, ஒரு தாழ்வழுத்த அலை திரும்பி வந்து சிலிண்டரில் எஞ்சிய புகையை இழுக்கிறது. குறுகும் பகுதியில் மோதும் அலையோ உயரழுத்த அலையாகவே திரும்பி, வெளியேறிய கலவையைத் துளை மூடும் முன் மீண்டும் உள்ளே தள்ளுகிறது.

ஓர் எளிய கணக்கு: நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றும் இன்ஜினுக்கு ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 6 மில்லி விநாடி. துளை திறந்தபின் 120 பாகை சுழல்வதற்குள், அதாவது 2 மில்லி விநாடியில், அலை திரும்ப வேண்டும் என்று கொள்வோம். சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் செல்லும். எனவே அலை போய்வரும் தூரம் 1 மீட்டர். குழாயின் நீளம் அதில் பாதி, சுமார் 50 செ.மீ.

பந்தயச் சாலையில்

இந்த அறிவைப் பந்தயத்தில் முழுமையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். அவருடைய 125 சிசி பந்தய இன்ஜின் 1961இல் சுமார் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டுத் தப்பி ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். அவருடன் அந்தத் தொழில்நுட்பமும் ஜப்பானுக்குச் சென்றது. 1962இல் சுசுகி 50 சிசி பைக்கில் அவர் உலகப் பட்டம் வென்றார். 1980களில் ஓசூரில் உருவான சுசுகி கூட்டு பைக்குகளும், ஆர்.எக்ஸ். 100 பைக்கும் ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் மரபில் வந்தவையே.

வானில்

1960களின் நடுவில் அமெரிக்காவின் பில் விஸ்னீவ்ஸ்கி, மாதிரி விமான வேகப் போட்டியில் சுருதிக் குழாயைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். 1970களில் அது ரேடியோவால் இயக்கும் சாகச விமானங்களுக்கும் வந்தது. 1977 முதல் பலமுறை உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னர் அக்காலத்தின் புகழ்பெற்ற வீரர். ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் ஒரு 10 சிசி இன்ஜினுக்கு அவர் பெயரையே வைத்தது.

கம்பியால் கட்டுப்படுத்தும் சாகச விமானங்களில் தேவை வேறு. வீரர் நடுவில் நின்று, சுமார் 20 மீட்டர் நீளக் கம்பிகளால் விமானத்தைச் சுற்றிவரச் செய்கிறார். ஏறும்போது விமானம் தளர்ந்தால் கம்பி தொய்ந்து கட்டுப்பாடு போய்விடும். இறங்கும்போது வேகம் மிகுந்தால் வட்டங்களின் வடிவம் கெடும். பழைய முறையில், எரிபொருள் மிகுந்த கலவையில் இன்ஜின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும். ஏறும்போது மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் எரியும். இதைச் சரியாக அமைப்பது கடினம்.

1980களில் அமெரிக்க வீரர்கள் சுருதிக் குழாயால் இதற்குத் தீர்வு கண்டனர். குழாயின் சிறந்த வேகத்தைவிடச் சற்றே மிகுந்த வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டனர். இறங்கும்போது சுழற்சி கூடினால், திரும்பும் அலை துளை மூடியபின் தாமதமாக வந்து சேரும், திறன் குறையும். ஏறும்போது சுழற்சி குறைந்தால், அலை சரியான நேரத்துக்கு வரும், திறன் கூடும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத உலோகக் குழாய் வேகக் கட்டுப்படுத்தியாக வேலை செய்தது!

இன்று

இப்போது சாகச விமானங்களில் மின்மோட்டார்கள் பெருகிவிட்டன. சுழற்சியைச் சீராக வைக்கும் வேலையை மின்னணுச் சில்லு செய்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் சாலையிலும் டூ ஸ்ட்ரோக் பைக்குகள் அருகிவிட்டன.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி இன்றும் உண்டு. அதில் சேரும் மாணவர்கள், பள்ளியில் படித்த ஒலி எதிரொலிப்பும் ஒத்ததிர்வும் தேர்வுக்கான பாடம் மட்டுமன்று என்பதை இக்குழாயின் வரலாற்றில் காணலாம். நாதசுரத்துக்கு நீளமும் வடிவமும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இந்தக் குழாய்க்கும்.