எழுத்து ஸ்டாம்ப் செட்... வாழ்த்து அட்டை செய்ய வாங்கலாமா, வேண்டாமா?

ராத்திரி பதினொரு மணிக்கு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யாரோ ஒருவர் பழுப்பு நிற அட்டையில் ஒவ்வோர் எழுத்தாக 'டக் டக்'கென்று குத்துகிறார். பதினைந்தே விநாடியில் அழகான பிறந்தநாள் அட்டை ரெடி. அடுத்த நிமிடம் ஒரு லெட்டர் ஸ்டாம்ப் செட் உங்கள் கார்ட்டில் உட்கார்ந்திருக்கும். நானும் அப்படித்தான் மரப்பெட்டியில் வரும் செட் ஒன்றை வாங்கினேன். வாங்கிய புதிதில் நாலு அட்டை செய்ததோடு சரி. இப்போது வீட்டு வாண்டு அதை வைத்துச் சுவரில் ஏபிசிடி குத்திக்கொண்டிருக்கிறது.

அதற்காக இது தண்டச் செலவு என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு இது நன்றாகவே உழைக்கும். அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

கடைசியாக நீங்கள் செய்த (அல்லது செய்ய நினைத்து விட்டுப்போன) பத்து அட்டைகளை ஞாபகப்படுத்துங்கள். அவற்றில் என்னென்ன வார்த்தைகள் இருந்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'ஹேப்பி பர்த்டே', 'தேங்க் யூ' என்று அதே வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் உங்களுக்கு எழுத்து செட் தேவையே இல்லை. முழு வார்த்தையும் ஒரே அச்சாக வரும் ஸ்டாம்ப் போதும். ஒரே குத்தில் வேலை முடியும், எழுத்துகள் கோணலாகவும் போகாது. மாறிக்கொண்டே இருப்பது பெயர்கள்தான், அதுவும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறீர்கள் என்றால் மட்டும் எழுத்து செட் பற்றி யோசிக்கலாம். தமிழில் எழுதுகிறவர் என்றால் கதையே வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எல்லா செட்டும் ஒன்றில்லை

கடைகளில் 'கஸ்டமைஸ்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு பொருள்கள் விற்கின்றன. முதலாவது, எழுத்துக்கு ஒரு கட்டையாக வரும் மர செட். பார்க்க அழகு. ஆனால் எழுத்துக்கு எழுத்து தனியாக மை தொட்டு, தனியாகக் குத்த வேண்டும். கல்யாணத் தாம்பூலப் பைக்கு 50 பெயர் டேக் செய்கிறீர்கள், பெயருக்குச் சராசரி ஏழு எழுத்து என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 350 குத்து. ஒரு குத்துக்குப் பத்து விநாடி என்றாலும் 3,500 விநாடி, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதுவும் ஒன்றுகூடத் தப்பாமல் குத்தினால்தான்!

இரண்டாவது, க்ளியர் ஸ்டாம்ப். கண்ணாடி மாதிரி இருக்கும் எழுத்துகளை ஒரு அக்ரிலிக் பிளாக்கில் ஒட்டி, முழுப் பெயரையும் ஒரே தடவையில் அச்சடிக்கலாம். வேலை முடிந்ததும் உரித்து, திரும்ப ஷீட்டிலேயே ஒட்டி வைத்துவிடலாம். அட்டை செய்பவர்களுக்கு மூன்றில் எது என்று கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான். பிளாக் வழியாகப் பார்த்தாலே எழுத்து எங்கே விழும் என்று தெரியும். ஒரு சூட்சுமம் இருக்கிறது. எழுத்துகளை நேரடியாக பிளாக்கில் ஒட்டாதீர்கள், கண்ணாடி பிம்பம் மாதிரித் தலைகீழாக யோசித்து மண்டை குழம்பும். ஸ்கேலால் கோடு போட்ட தாளில் எழுத்துகளைக் குப்புறப் போட்டு, மேலிருந்து பார்க்கும்போது நேராகப் படிக்கிற மாதிரி அடுக்குங்கள். அதன் மேல் பிளாக்கை வைத்து அழுத்தினால் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.

மூன்றாவது, செல்ஃப் இங்க் வகை. ஆஸ்திரியாவின் ட்ரோடாட் போன்ற நிறுவனங்கள் விற்பது. தண்டவாளம் போன்ற வரிகளில் குட்டி எழுத்துகளைச் சாமணத்தால் சொருகி, அலுவலக முத்திரை போலக் குத்துவது. எழுத்தின் உயரம் பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். அட்டையின் பின்பக்கம் உங்கள் பெயர், இன்ஸ்டா ஐடி குத்தவும், கவரில் அனுப்புநர் முகவரி குத்தவும் இது கச்சிதம். அட்டையின் முகப்புக்கு? ரேஷன் கார்டு மாதிரி இருக்கும், வேண்டாம்.

சரவணன்களின் சங்கடம்

'26 எழுத்தும் இருக்கு, அப்புறம் என்ன?' என்று நினைக்கத் தோன்றும். பிரச்னை எழுத்து வகையில் இல்லை, எண்ணிக்கையில். 'சரவணன்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்பது எழுத்து. அதில் நாலு 'ஏ', ரெண்டு 'என்'. அனந்தலட்சுமிக்கும் நாலு 'ஏ' வேண்டும். க்ளியர் செட்டில் ஒவ்வோர் எழுத்தும் ஒன்றே ஒன்றுதான் இருந்தால் இந்தப் பெயர்களை ஒரே தடவையில் அச்சடிக்கவே முடியாது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்து 'ஈ' என்பதால், கூடுதல் எழுத்துகள் தரும் செட்களிலும் 'ஈ'யைத்தான் தாராளமாக வைத்திருப்பார்கள். நம் பெயர்களோ 'ஏ'வைத் தின்றுதான் வளர்கின்றன. ஆகவே, வாங்கும் முன் செட்டின் போட்டோவைப் பெரிதாக்கி 'ஏ' எத்தனை, 'என்' எத்தனை என்று எண்ணுங்கள். நாலு 'ஏ' இல்லாத செட் நம் ஊருக்கு அரை செட்தான். 'ஹேப்பி' எழுதவே ரெண்டு 'பி' வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது அளவு. ஏ5 தாளை இரண்டாக மடித்தால் கிடைக்கும் அட்டை 105 மில்லிமீட்டர் அகலம், 148 மில்லிமீட்டர் உயரம். மரக்கட்டை ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டர் என்றால், ஒன்பது எழுத்து சரவணனுக்கு 108 மில்லிமீட்டர் வேண்டும். மனுஷன் அட்டையைத் தாண்டி வெளியே நிற்பார்! விளம்பரப் படத்தில் கையகலம் தெரியும் எழுத்தை நம்பாமல், விவரக் குறிப்பில் இருக்கும் மில்லிமீட்டரைப் படியுங்கள். அட்டைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் எழுத்துதான் எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

தமிழில் எழுத ஆசையா?

பாட்டிக்கு அனுப்பும் அட்டையில் பாட்டியால் படிக்க முடியாத எழுத்தில் வாழ்த்து இருந்தால் அதில் என்ன ருசி? ஆனால், நீங்கள் தேடிப் பார்க்கும் செட்களில் அநேகமாக எல்லாமே ஆங்கிலம்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. தமிழுக்கு 247 எழுத்து என்று பள்ளியில் படித்தோம். அத்தனைக்கும் தனித்தனி அச்சு வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போடலாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. இகர, ஈகாரக் கொக்கிகள் எழுத்தோடு ஒட்டியே இருப்பதால் அதற்கு 36. உகர, ஊகாரத்துக்கு இன்னொரு 36. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. கூட்டினால் 125. 'கௌ' வரிசைக்கு 'ள'வையே கடன் வாங்கிக்கொள்ளலாம். இதுவும் 1978-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த புண்ணியத்தில்தான். அதற்கு முன் 'லை', 'னை', 'றா', 'னா' என 13 எழுத்துகள் தனி வடிவத்தில் இருந்தன. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோத்தவர்களைக் கேட்டால் அந்தக் கஷ்டம் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அடுக்குவதற்குத் தமிழ்தான் சுலபம். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து கேட்ட சரவணன், தமிழில் ஐந்தே எழுத்து. எதுவும் ரெண்டு தடவை வராது. அனந்தலட்சுமிக்கும் எட்டு போதும், அதிலும் எதுவும் திரும்ப வராது. ஆனால் அந்த எட்டை எடுக்க 125 உள்ள பெட்டி வேண்டும். 'பி'யின் கொக்கி மேலே போகும், 'து'வின் வால் கீழே இறங்கும், 'ணை' அகலமாக உட்காரும், 'ர' ஒடுங்கி நிற்கும். ஒரே அளவுக் கட்டைகளில் இவற்றை வரிசைப்படுத்தினால் பல் போன வாய் மாதிரி இடைவெளி விழும்.

அதனால் தமிழ் வாழ்த்துக்கு என் யோசனை, உங்கள் ஊர் ரப்பர் ஸ்டாம்ப் கடை. கோர்ட், தாலுகா ஆபீஸ், ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் போனால் நிச்சயம் ஒன்று இருக்கும். 'சேல் மேனேஜர்' முத்திரை செய்கிற அதே மெஷினில் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' செய்து தருவார்கள். போவதற்கு முன் சில விஷயங்கள். வார்த்தையை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பாதீர்கள். கடையில் பழைய சாஃப்ட்வேர் இருந்தால் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' என்பது எழுத்தே இல்லாத ஏதோ ஒன்றாகிவிடும். நீங்களே போனில் டிசைன் செய்து, பிடிஎஃப் அல்லது பெரிய படமாகக் கொடுங்கள். மெல்லிய ஃபான்ட் வேண்டாம், கோடு விழாது. ரொம்பத் தடித்ததும் வேண்டாம், 'ண', 'ஞ' சுழிகளுக்குள் மை அடைத்துக்கொள்ளும். செய்வதற்கு முன் மாதிரியைக் காட்டச் சொல்லி எழுத்துப் பிழை பாருங்கள். 'வாழ்த்துகளா', 'வாழ்த்துக்களா' என்கிற பஞ்சாயத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும் ('வாழ்த்துகள்' போதும், 'க்' வேண்டாம்). அட்டை கெட்டால் ஒரு அட்டைதான் போகும், அச்சே தப்பானால் அடிக்கிற எல்லா அட்டையும் தப்பு.

பெயரை மட்டும் கையால் எழுதிவிடுங்கள். அச்சு வாழ்த்துக்குக் கீழே கையெழுத்தில் ஒரு பெயர் இருப்பது குறையே இல்லை. 'என் கையெழுத்து கோழி கிறுக்கல்' என்பவர்கள் பென்சிலில் எழுதி, மேலே பேனாவால் நிதானமாகத் தடவலாம்.

செட்டோடு செலவு முடியாது

ஸ்டாம்ப் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. க்ளியர் செட் என்றால் பிளாக் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். மை இன்னொரு செலவு. வீட்டில் கிடக்கும் ஊதா நிற ஆபீஸ் பேட், காகிதம் மையைக் குடித்தால்தான் காயும். பளபளப்பான ஆர்ட் கார்டில் குத்தினால் மறுநாள்கூட விரலில் ஒட்டும். டை இங்க் சீக்கிரம் காயும், மென்மையான தாளில் கொஞ்சம் பரவும். பிக்மென்ட் இங்க் காய நேரமெடுக்கும், ஆனால் தாளின் மேலேயே நிற்பதால் கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் அதுதான் சரி. முதல் பேட் கறுப்பு டை இங்க்காக இருக்கட்டும். ஐந்து கலர் செட் பார்க்க ஆசையாக இருக்கும், அதில் மூன்று திறக்காமலே காயும்.

தாளும் முக்கியம். ஜெராக்ஸ் எடுக்கும் 70, 80 ஜிஎஸ்எம் தாள் அட்டையாக நிற்காது. 250 முதல் 300 ஜிஎஸ்எம் வழவழப்பான, பளபளப்பில்லாத அட்டை வாங்குங்கள். சென்னைவாசிகளுக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு இருக்கிறது. புதுச்சேரி கைவினைக் காகிதம் அழகுதான், ஆனால் அதன் மேடு பள்ளத்தில் சின்ன எழுத்து உடைந்து உடைந்து விழும்.

ரொம்ப மலிவான க்ளியர் செட்களில் சில சிலிக்கான். அதில் மை பனித்துளி மாதிரி திரண்டு நிற்கும். பென்சில் ரப்பரால் அச்சின் முகத்தை லேசாகத் தேய்த்தால் கொஞ்சம் சரியாகும். ஃபோட்டோபாலிமர் என்று தெளிவாகப் போட்டிருக்கும் செட் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. வெயில் பட்டால் மஞ்சளாகும் என்பதால் ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஒட்டும் தன்மை குறைந்தால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவிக் காயவைத்தால் திரும்ப ஒட்டும்.

விற்பதற்காக அட்டை செய்கிறீர்களா? ஆங்கிலப் பெயர் போட்டுத் தரச் சொல்லி மாதத்துக்கு நாலைந்து ஆர்டராவது வந்தால் க்ளியர் செட் வாங்கலாம். 'வந்தாலும் வரும்' என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம். ஆர்டர் வரும் வரை பெயரைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து பிரின்ட் எடுத்து, பட்டையாக வெட்டி ஒட்டுங்கள், வாங்குகிறவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். செட் வாங்கிய பிறகும் இந்தப் பட்டை வித்தையை விடாதீர்கள். பெயரை நேராக அட்டையில் குத்தாமல் தனிப் பட்டையில் குத்தி, சரியாக வந்ததை மட்டும் ஒட்டினால், பூவெல்லாம் வரைந்து முடித்த அட்டை கடைசி எழுத்தில் பாழாகாது.

ஆசை அடங்கவில்லை, ஆனால் பணம் போடவும் மனசில்லை என்றால் பெரிய பென்சில் ரப்பர் ஒன்று வாங்குங்கள். ட்ரேசிங் பேப்பரில் ஒரே ஓர் எழுத்தைப் பென்சிலால் அழுத்தி எழுதி, ரப்பர் மேல் குப்புற வைத்துத் தேய்த்தால், எழுத்து தானாகவே திரும்பி விழும். கோட்டுக்கு வெளியே இருப்பதை பேப்பர் கட்டரால் அரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் செதுக்கி எடுங்கள், பிளேடு எப்போதும் விரலுக்கு எதிர்ப்பக்கமாகவே நகரட்டும். 'அ', 'ம' மாதிரிச் சுழியுள்ள எழுத்தில் ஆரம்பிக்காதீர்கள். 'ப', 'ட' ரெண்டும் நேர்க்கோடு, அரை மணி நேரத்தில் வந்துவிடும்.