சக ஆதரவாளர் பயிற்சி (சிங்கப்பூர் வெளிநாட்டு ஊழியர்)

மனநலச் சிக்கலில் இருக்கும் ஒருவருக்கு, அவரோடு வேலை செய்பவராகவோ ஒரே அறையில் தங்குபவராகவோ இருந்துகொண்டே முதல் உதவி செய்யப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதரே சக ஆதரவாளர். அவர் மருத்துவரும் அல்லர், உளவியல் ஆலோசகரும் அல்லர். நோய்க்குப் பெயர் வைப்பதோ மாத்திரை சொல்வதோ அவர் வேலை இல்லை. ஒருவரிடம் தெரியும் மாற்றத்தைக் கவனிக்கிறார், பேசவிட்டுக் கேட்கிறார், உயிருக்கு ஆபத்து உண்டா என்று நேராக விசாரிக்கிறார், உரிய இடத்துக்குக் கூட்டிப்போகிறார், அதன் பிறகும் விட்டுவிடாமல் தொடர்பில் இருக்கிறார். சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியரிடையே இந்தப் பயிற்சி 2020-க்குப் பிறகு வேகம் பெற்றது.

ஃபேரர் பார்க்கும் ஊழியரும்

சிராங்கூன் சாலைக்கும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கும் அருகிலுள்ள ஃபேரர் பார்க், 1933 வரை குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடம். துவாஸ், கிராஞ்சி, மண்டாய் போன்ற ஒதுக்குப்புறங்களில் உள்ள தங்குவிடுதிகளிலிருந்து புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்களும் வங்காளதேசத்தவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வட்டாரத்தில்தான் கூடுகிறார்கள். பணம் அனுப்புவது, காய்கறி மளிகை வாங்குவது, ஊர்க்காரரைப் பார்ப்பது, புல்தரையில் உட்கார்ந்து வீட்டோடு வீடியோவில் பேசுவது எல்லாம் அந்த ஒரு நாளில் முடிய வேண்டும். வேலையிடத்தில் அடிபட்டோ சம்பளப் பாக்கிக்காக வழக்கிட்டோ வேலை இல்லாமல் காத்திருப்பவர்களுக்கு, டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற தொண்டமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு வழங்கிவருகிறது. சாப்பாட்டுக்காக வருபவரின் வழக்கு விவரத்தையும் அங்கே கேட்டறிவார்கள். பயிற்சித் திட்டங்கள் வருவதற்கு வெகுமுன்பே மனக்கஷ்டத்தைச் சொல்ல ஓர் இடமாக அது இருந்தது.

இப்படிக் காத்திருப்பவர்களின் நிலையைச் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கடுமையான உளநெருக்கடிக்கான அறிகுறிகள் தென்பட்டன. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சமும் ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடனும் அதில் முக்கியப் பங்கு வகித்தன. ஆனால் நாட்டின் பெரிய மனநலக் கணக்கெடுப்பில் இவர்கள் இடம்பெறவில்லை. 2016-இல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எடுத்துக்கொண்டது. அவர்களில் ஏழில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநலக் கோளாறு இருந்ததாகவும், அப்படிப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல் உதவி நாடவில்லை என்றும் அது கண்டது. வீடும் மொழியும் உறவும் பக்கத்தில் இருப்பவர்களின் நிலையே இது.

கொவிட்-19 காலத்தில் விடுதிகள் அடைக்கப்பட்டன. 2020 ஏப்ரலில் தொடங்கிய அந்த முடக்கம் மாதக்கணக்கில் நீடித்தது. அவ்வாண்டு டிசம்பருக்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோனதாக அரசு அறிவித்தது. நோயை விடவும், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாத நிலையே பலரைக் குலைத்தது. அதன் பிறகு மனிதவள அமைச்சு, மனநலக் கழகம், 2006-இல் தொடங்கப்பட்ட ஹெல்த்செர்வ் அறநிறுவனம் முதலியவை இணைந்து புராஜெக்ட் டான் என்ற திட்டத்தை உருவாக்கின. ஊழியர்களுக்கே பயிற்சி அளித்துச் சக ஆதரவாளர்களாக்குவது அதன் ஒரு கூறு. ஊழியர்களின் மொழிகளில் பேசும் 24 மணி நேர நெருக்கடித் தொலைபேசி சேவையை ஹெல்த்செர்வ் நடத்துகிறது.

பயிற்சியின் உள்ளடக்கம்

தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளி ‘மனச்சோர்வு’ என்று வந்து சொல்வது அரிது. தலை பாரமாயிருக்கு, நெஞ்சு படபடங்குது, தூக்கமே வரல, வேலை ஓடல என்பார். பயிற்சியின் முதற்பாடம் இந்தச் சொற்களைப் பிடித்துக்கொள்வது. அறைக்காரர் சமைத்த சோற்றைத் தொடாமல் வைப்பது, வீட்டுக்குப் பேசுவதைத் திடீரென நிறுத்துவது, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவற்றை விடுதி நிர்வாகி பார்க்க முடியாது. மேல்கட்டிலில் படுத்திருப்பவர் பார்ப்பார்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பது அடுத்தது. “என்ன தம்பி, ரெண்டு நாளா சாப்பாடே எடுக்கல?” என்று கண்ணில் பட்டதிலிருந்து தொடங்கலாம். “எல்லாருக்கும்தான் கடன் இருக்கு, மனசைத் தேத்திக்க” என்பது அன்பாகச் சொல்லப்பட்டாலும் பேச்சை அங்கேயே அடைத்துவிடும். ஆபத்து இருப்பதாகத் தோன்றினால், “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்றே கேட்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரிதும் தயங்குவது இந்தக் கேள்விக்குத்தான். அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடாமல் உடனிருந்து, நெருக்கடிச் சேவையையோ மருத்துவமனையையோ நாட வேண்டும். அதை ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

முன்னோடிகள்

மனநல முதலுதவி வகுப்பை 2000-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் அந்தோணி ஜார்மும் தொடங்கினர். 1969-இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டு நடப்பது. அதன் அழைப்பு எண் 1767. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய சினேகாவும் அப்படித்தான்.

ஃபேரர் பார்க் சூழலுக்கு மிக நெருங்கிய சான்று தமிழ்நாட்டு இலங்கை அகதிகள் முகாம்களில் கிடைக்கிறது. லட்சுமி விஜயகுமார் குழுவினர் முகாமில் வசிப்பவர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து பயிற்சி தந்தனர். அவர்கள் ஆபத்தில் இருந்தவர்களைத் தவறாமல் சந்தித்து, ஆளுக்கொரு பாதுகாப்பு அட்டை எழுத உதவினர். மனம் கலங்கத் தொடங்குவதற்கான அறிகுறி, அப்போது தானே செய்யக்கூடியது, யாரிடம் போவது, யாரை அழைப்பது என்பவற்றை அவரவர் வார்த்தையில் குறித்துவைக்கும் அட்டை அது. இந்தத் திட்டம் இல்லாத ஒப்பீட்டு முகாமைவிட, அது நடந்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்ததாக 2017-இல் வெளியான முடிவுகள் காட்டின. சொந்த ஊரை விட்டு, நிச்சயமின்மையோடு ஒரே வளாகத்தில் வாழும் தமிழர்கள் என்ற வகையில் இரு கூட்டத்தாரும் ஒத்தவர்கள். சட்டையில் செருகிக்கொள்ளக்கூடிய அந்த அட்டை விடுதிக்கும் பொருந்தும்.

வரம்புகள்

சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. இருந்தும் ஊழியரின் வாயைக் கட்டுவது சட்டத்தை விட வேலை அனுமதிதான். விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போனால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் நினைக்கும்வரை, எந்த ஆதரவாளரிடமும் பாதியைத்தான் சொல்வார். ஆகவே ஆதரவாளர் நிறுவனத்தின் ஆளாகத் தெரியக் கூடாது. சம்பளப் பாக்கியும் ஏஜென்ட் கடனும் பேச்சால் தீராதவை. அவற்றுக்கு வழக்கு உதவி செய்யும் அமைப்போடு சேர்த்துவிடுவதும் மனநல உதவியின் பகுதியே.

ஆதரவாளரும் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவரே. இரவில் பிறர் துயரத்தைக் கேட்டவருக்குக் காலையில் வேலைக்கு ஏற்றிச்செல்லும் லாரி காத்திருக்கிறது. அவரைத் தொடர்ந்து சந்தித்து அவருடைய பாரத்தையும் இறக்கிவைக்க ஓர் ஆலோசகர் இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்து விட்டுவிடுவது நியாயமல்ல. ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பியதும் அவர் அறைக்குப் புதியவரைப் பழக்க வேண்டியிருக்கிறது. ஊரிலோ அவரைப் போன்ற ஆளுக்குத் தேவை குறைவில்லை. மாவட்ட மனநலத் திட்டப் பணியாளர்களுடன் அவரை இணைத்துவிட்டால், சிங்கப்பூரில் கற்றது புதுக்கோட்டையில் ஒரு குடும்பத்துக்கு உதவும்.